முதல் காட்சி நம் தெருவுக்கு



பூந்தமல்லியைத் தாண்டிச் செம்பரம்பாக்கம் பக்கம் போனால் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி வரும். ஒரு படத்துக்காக உள்ளே ஒரு தெருவையே போடுவார்கள். வீடு, டீக்கடை, கரண்ட் கம்பம், சுவரொட்டி எல்லாம் சில நாளில் முளைத்துவிடும். குடிசைப் பகுதி வேண்டுமென்றால் அதுவும் வரும். சாக்கடை ஓட வேண்டுமென்றால் ஓடும், நாறாமல். ஷூட்டிங் முடிந்ததும் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

அந்தச் சுவருக்கு வெளியே இருப்பது நம் நிஜத் தெருக்கள். இவற்றை யாரும் படமெடுப்பதில்லை. வடசென்னைக்காவது சினிமாவில் ஓர் இடம் கிடைத்தது, பாதி நேரம் கையில் அரிவாளோடு. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அதுகூட இல்லை. எனக்கு இதில் பெரிய வருத்தம் ஒன்றும் கிடையாது. நம் தெருவை நாமே எடுக்கலாமே?

இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறேன்.

"எடுத்துக்கிட்டுத்தானே சார் இருக்கோம்!" என்பீர்கள். உண்மைதான். ஒரு மழை பெய்தால் போதும், குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ வந்து குவியும். முழங்கால் தண்ணீர், ஆடுகிற கேமரா, "பாருங்க மக்களே" என்று பின்னால் ஒரு குரல். கீழே கோபமான முகம் பத்து, கும்பிடு ஐந்து. அதற்குக் கீழே யாராவது ரோஜாப்பூ வைத்து குட் மார்னிங் போடுவார். கதை முடிந்தது. அந்த வீடியோவைத் தெருவில் எல்லோருமே பார்த்திருப்போம். ஆனால் ஒன்றாக உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டோம். அவரவர் வீட்டில், அவரவர் போனில் பார்த்து, அவரவர் பெருமூச்சை விட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்போம்.

ஆவடிப் பக்கம் ஒரு வாசகியின் மகன், கல்லூரியில் படிக்கிறவர், போனிலேயே எடுத்த நான்கு நிமிடப் படம் ஒன்றைப் பார்த்தேன். காலை நேரம். ஓர் அம்மா தன் பையனின் ஸ்கூல் ஷூவையும் சாக்ஸையும் ஜவுளிக்கடைப் பைக்குள் போட்டு எடுத்துக்கொள்கிறார். பையன் ரப்பர் செருப்பில் வருகிறான், பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு. தெருமுனை வரைக்கும் கறுப்புத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. நடுவில் வரிசையாகச் செங்கல். அதன்மேல் கால் வைத்து இருவரும் முனைக்கு வருகிறார்கள். பூட்டிய கடைப்படியில் பையனை உட்காரவைத்து, பாட்டில் தண்ணீரில் கால் கழுவி, புடவைத் தலைப்பால் துடைத்து, ஷூவை மாட்டிவிடுகிறார். செருப்பு பைக்குள் போகிறது. வேன் வருகிறது. அம்மா அதே செங்கல்மேல் வீட்டுக்குத் திரும்புகிறார். மாடியில் துணியெல்லாம் மொறமொறவென்று காய்ந்து தொங்குகிறது. மழை நின்று நாளாகிவிட்டது என்று அதைப் பார்த்துத்தான் நமக்குத் தெரிகிறது. பேட்டி கிடையாது, சோக வயலின் கிடையாது.

இதுவும் வாட்ஸ்அப்பில் போயிருந்தால் பத்துக் கோப முகத்தோடு போயிருக்கும். படமெடுத்தவரின் அம்மா, அதாவது நம் வாசகி, ஒரு வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் திரையாக வேட்டியைக் கட்டி, ப்ரொஜெக்டர் கடன் வாங்கித் தெருவுக்கே போட்டுக் காட்டினார்.

முதலில் எல்லோரும் சிரித்தார்களாம். "ஏய், எங்க வீட்டு கேட்டு!" என்று ஒரு குரல். பிறகு அமைதி. பிறகு வழக்கமான பாட்டு: மாநகராட்சி சரியில்லை, கவுன்சிலர் எட்டிப் பார்ப்பதில்லை. அது ஓய்ந்தபோது ஒரு பாட்டி கேட்டாராம், "அந்தச் செங்கல்லு யாரு போட்டது?" யாருக்கும் தெரியவில்லை. தினமும் மிதித்துப் போகிறார்கள், தெரியவில்லை! கடைசியில் முனைவீட்டு வாட்ச்மேன் கூச்சத்தோடு கையைத் தூக்கினார். ஒவ்வொரு மழைக்கும் அவர்தான் இடிந்த காம்பவுண்டிலிருந்து எடுத்து அடுக்குகிறார். இரண்டாம் முறை படத்தைப் போட்டபோது பேச்சு வேறு பக்கம் திரும்பியது. தண்ணீர் எந்த இடத்தில் முட்டி நிற்கிறது? வடிகாலை மூடி, பைக்கும் காரும் ஏறுவதற்கு வீட்டுக்கு வீடு போட்டிருக்கிற சிமென்ட் சாய்தளத்தில். படத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் எல்லோர் கண்ணும் அங்கேதான் போனது. சாய்தளக்காரர்களும் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறார்கள்!

உடனே எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. ஒரு வீட்டில் மட்டும் சாய்தளத்தை உடைத்து, அடியில் குழாய் பதித்துத் தண்ணீருக்கு வழி விட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் "பார்க்கலாம்" என்கிறார்கள். ஆனால் இப்போது வார்டு அலுவலகத்துக்குப் போகும்போது, தெருக்காரர்கள் முதலில் தங்கள் பங்கைச் சொல்லிவிட்டு அப்புறம் கேட்கிறார்களாம். உதவிப் பொறியாளர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறாராம். இது சின்ன விஷயமா, நீங்களே சொல்லுங்கள்.

தெருவுக்குப் போடுகிற படம் நமக்குப் பழக்கமில்லை. நமக்குக் குறும்படம் என்றால் ஒன்று போட்டி, இல்லையென்றால் சினிமா சான்ஸுக்கான விசிட்டிங் கார்டு. கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' அந்த ஆசையை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி போன்றவர்கள் அந்த வழியாகத்தான் வந்தார்கள், மகிழ்ச்சி. அதற்கும் முந்தின தலைமுறைக்குக் குறும்படம் என்றால் தியேட்டரில் மெயின் பிக்சருக்கு முன்னால் ஓடும் நியூஸ் ரீல். 1948-ல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷனின் படங்கள். அணைக்கட்டு, தடுப்பூசி, அமைச்சர் கை ஆட்டல். நல்ல படங்களும் அதில் உண்டு. ஆனால் முறுக்கு வாங்க வெளியே போகிற நேரம் அதுதான் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். நம்மைப் பார்த்துப் பேசியவை அவை. நாம் திருப்பிப் பேச அதில் இடமில்லை.

திருப்பிப் பேச இடம் வைத்து ஒரு காரியம் 1967-ல் கனடாவில் நடந்தது. கிழக்கு ஓரத்தில் நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தில் ஃபோகோ என்று ஒரு மீனவர் தீவு. பத்துச் சிற்றூர், சுமார் ஐயாயிரம் பேர். மீன்பிடி நொடித்துப்போய், பாதிக்கு மேற்பட்டவர்கள் அரசு உதவித்தொகையில் காலம் தள்ளினார்கள். தீவைக் காலி செய்து ஜனங்களை வேறிடத்தில் குடியேற்றலாம் என்று அரசுக்கு யோசனை. கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஆட்களை ஏற்றிப் போனதைப் பார்த்த நமக்கு இது புதுக் கதை இல்லை.

அங்கே கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திலிருந்து கோலின் லோ என்ற இயக்குநர் போனார். தீவின் சோகத்தை ஒரே பெரிய படமாக எடுத்து நகரத்தாரைக் கண்கலங்க வைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஓர் ஆள், ஒரு விஷயம், சில நிமிடம் என்று இருபதுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னப் படங்களாக எடுத்தார். பில்லி கிரேன் என்ற மீனவர் பிழைப்புத் தேடி டொரண்டோவுக்குக் கிளம்பப்போகிறார், போவதற்கு முன் மனதில் இருப்பதைக் கொட்டுகிறார். ஒரு படம், அவ்வளவுதான்.

எடுத்ததை முதலில் தீவுக்காரர்களுக்கே போட்டார்கள். இந்த ஊரில் பேசியது அடுத்த ஊரில் ஓடியது. ஊருக்கு ஊர் சர்ச் வேறு, பழைய பகை வேறு. நேரில் உட்கார்ந்து பேசாதவர்கள் திரையில் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டார்கள். நமக்கு இருக்கிற அதே கஷ்டம்தான் அவனுக்குமா என்று தெரிந்தது. அதன் பிறகே, சம்மதம் வாங்கி, மாகாணத் தலைநகரில் அமைச்சர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. மீன்வளத் துறை அமைச்சர் சொன்ன பதிலையும் படமெடுத்துத் தீவுக்குக் கொண்டுவந்து போட்டார்கள்! மனு போனதற்கு ரசீது வாங்குவதே பெரும்பாடாக இருக்கிற நமக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் பொறாமைகூட வருகிறது.

தீவு காலியாகவில்லை. மீனவர் கூட்டுறவு சங்கம் வந்தது, பெரிய படகுகள் கட்டினார்கள். எல்லாம் படத்தால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஊர் முன்னேற்றக் குழு ஒன்று அதற்கு முன்பே அங்கே இருந்தது. கூடிப் பேச ஆள் இருந்த ஊரில் படம் வேலை செய்தது, அதுதான் உண்மை. நம் பக்கம் நலச்சங்கம் இல்லாத நகர் இருக்கிறதா? எனக்குத் தெரிந்து சில நகர்களில் இரண்டு சங்கம் இருக்கிறது, செயலாளர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தைதான் இல்லை.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம் என்று தள்ளிவிட வேண்டாம். 1984-ல் அகமதாபாத்தில் உழைக்கும் பெண்களின் சங்கமான 'சேவா'வைச் சேர்ந்தவர்கள் வீடியோ கேமரா பிடிக்கக் கற்றார்கள். காய்கறி விற்பவர்களும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் உண்டு. நம் மதுரையில் அமுதன் ஆர்.பி. 2003-ல் 'பீ' என்று ஒரு ஆவணப்படம் எடுத்தார். பெயரைச் சொல்லவே நாக்கு கூசும். படமும் அப்படித்தான். மலம் அள்ளித் தெருவைச் சுத்தம் செய்யும் ஒரு பெண்ணின் வேலை நேரத்தில் கேமரா அவர் கூடவே போகும், விலகாது. 2017-ல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' அதே கொடுமையைத் தமிழ்நாடு முழுக்கப் போய்ப் பார்த்தது. அதைத் திரையிட அனுமதி மறுத்தார்கள், யூடியூபில் ஏறியது. இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அவரவர் வீட்டு செப்டிக் டேங்க் மூடியைப் பற்றி யோசித்தவர்கள் எத்தனை பேர்! ஆவடியிலும் கழிவுநீர்க் குழியில் இறங்கி உயிர்விட்டவர்கள் உண்டு. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-ல் வந்த பிறகும்தான். கழிவுநீர் லாரிக்காரர் "ஆள் இறங்கினாத்தான் சார் சுத்தமாகும்" என்று சொல்லும்போது வாசலில் நிற்பது நாம்தானே?

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி தனி நகராட்சியாக இருந்துவந்தது. நடுநடுவே ஊராட்சிகள். தெருவின் இந்தப் பக்கம் ஒரு நிர்வாகம், அந்தப் பக்கம் இன்னொன்று. குப்பைக்கு எல்லை தெரியுமா, கொசுவுக்குத் தெரியுமா? புகார் கொடுக்கப் போகிறவருக்குத்தான் தெரிந்தாக வேண்டும். 1955-ல் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று காங்கிரஸ் மாநாட்டில் தீர்மானம் போட்ட ஊர் ஆவடி. அந்த ஊரில் ஒரு தெருவிளக்கு எந்த ஆபீஸைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆகிறது.

கொரட்டூர் ஏரியைப் பாருங்கள். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் தண்ணீர் கொரட்டூருக்குத்தான் வரவேண்டும். வருவது தண்ணீர் மட்டும் என்றால் யாரும் போராடியிருக்க மாட்டார்கள். சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்து வந்ததால்தான் கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் என்று சாதாரணக் குடும்பங்கள் கூடின, பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்தார்கள், விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. இதை ஏரிக்கரையில் இருப்பவர்கள் பேசுகிறார்கள். மேலே அம்பத்தூரில், பட்டரவாக்கத்தில், தன் வீட்டுக் கழிவுநீர் எந்தக் கால்வாயில் கலக்கிறது என்று தெரியாமல் இருப்பவர்கள் பேசுகிறார்களா? ஒரு வீட்டின் கழிவுநீர்க் குழாயிலிருந்து ஏரி வரை, அந்தத் தண்ணீர் போகிற வழியிலேயே ஒரு கேமரா நடந்து போகட்டும். ஐந்து நிமிடம் போதும். அந்தப் படத்தைக் கரையில் இருப்பவர்களுக்குப் போட வேண்டியதில்லை, அவர்களுக்குத்தான் தெரியுமே. குழாய் தொடங்குகிற தெருவில் போடவேண்டும். 2017-ல் டி.எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' செய்தது இதைத்தான். எண்ணூரைப் பார்த்தே இராதவர்கள் அதற்குப் பிறகு எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிப் பேசினார்கள்.

இன்னொன்றும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை, அதாவது எஸ்டேட், வந்த காலத்திலிருந்தே நம் ஊர் வேலைக்கு வந்தவர்களின் ஊர்தான். அன்று திருநெல்வேலி, வேலூர், ஆந்திரா. இன்று ஒடிசா, பீகார். ஒரே அறையில் ஆறேழு பேர், ஷிஃப்ட் போட்டுத் தூங்குகிறார்கள். அந்த அறைக்கு வாடகை வாங்குவதும் நாம், தெரு அசுத்தமானதற்கு அவர்களைக் கை காட்டுவதும் நாம். "வடக்கன்" என்று போகிறபோக்கில் சொல்கிறோம். தெருப்படம் எடுக்கும்போது அவர்கள் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிப்பதையும் எடுங்கள். போட்டுக் காட்டும்போது அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். இந்தி தெரிந்த பிள்ளை ஒன்று எல்லாத் தெருவிலும் இருக்கும்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். ஆபீஸிலிருந்து வராது, நம் வீட்டிலிருந்துதான் வரும். "நம்ம தெருவை இப்படி அசிங்கமா காட்டினா வாடகைக்கு யாரு வருவா? பொண்ணு பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?" இதைக் கேட்டு நான் சிரிக்க மாட்டேன். இருபது வருடக் கடனில் கட்டிய வீட்டின் மதிப்பு குறைந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. அதனால்தான் முதல் காட்சி தெருவுக்கு என்கிறேன். யூடியூபில் ஏற்றுவதா, இன்ஸ்டாவில் போடுவதா என்பதை அதற்கப்புறம் தெருவே முடிவு செய்யட்டும். ஒருவர் தன் வீட்டு வாசல் வேண்டாம் என்றால் வெட்டிவிடுங்கள். குளிக்க, ஒதுங்க இடமில்லாதவர்களின் முகத்தைக் காட்டவே காட்டாதீர்கள். பிறர் கஷ்டத்தை எடுத்துப் பரிசு வாங்குகிற படங்கள் போதுமான அளவு இருக்கின்றன.

போடுகிற நேரமும் முக்கியம். இரவு எட்டரைக்கு வைத்தால் சமையல், சீரியல், பிள்ளைகள் ஹோம்வொர்க் என்று பெண்கள் வர மாட்டார்கள். முன் வரிசையில் ஆண்கள் உட்கார்ந்தால் பின்னால் இருக்கும் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வருகிறது, எந்த விளக்கு எரியவில்லை, டியூஷன் முடிந்து பெண் வரும்போது எந்தத் திருப்பத்தில் பயப்படுகிறாள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஞாயிறு மாலை ஆறரை நல்ல நேரம். படம் ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு, "படம் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "சூப்பர்" என்று சொல்லிக் கிளம்பிவிடுவார்கள். படத்தில் இருக்கிற ஒரு பொருளைப் பற்றிக் கேளுங்கள். அந்தப் பாட்டி கேட்டாரே, செங்கல், அந்த மாதிரி.

கவுன்சிலரைக் கூப்பிடலாமா? தாராளமாக, ஆனால் இரண்டாம் காட்சிக்கு. முதல் காட்சிக்கே கூப்பிட்டால் பொன்னாடை, மேடை, வரவேற்புரை என்று படம் காணாமல் போய்விடும். தெரு தனக்குள் பேசி முடித்த பிறகு அவர் வந்து சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். பதில் சொன்னால் அதையும், அவருக்குத் தெரிந்தே, போனில் எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் போட வேறொரு சரியான இடமும் இருக்கிறது. 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு கிராம சபை மாதிரியே நகரங்களிலும் பகுதி சபா கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வர் ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். உங்கள் வார்டில் அது எப்போது நடக்கிறது, எங்கே நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கும் தெரியாது. அங்கே வழக்கமாக மைக் பிடித்தவர் மனுவைப் படிப்பார், அதிகாரி தலையாட்டுவார். அந்த இடத்தில் நான்கு நிமிடம், அந்தக் காலைநேர ஷூவும் செங்கலும் ஓடினால்? "பரிசீலிக்கிறோம்" என்று சொல்லும்போது கொஞ்சமாவது குரல் இறங்கும் என்று நம்புகிறேன்.

டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த 2023-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷினெல்லாம் தண்ணீரில் நின்றது. அப்போது நம் போன்களில் எடுத்த வீடியோக்கள் இன்னும் கேலரியில் எங்கோ கிடக்கின்றன, கல்யாண போட்டோவுக்கும் டிபன் பாக்ஸ் போட்டோவுக்கும் நடுவில். புதிதாக எடுக்க நேரமில்லாதவர்கள் அவற்றிலிருந்தே தொடங்கலாம். தெருவில் பத்து வீட்டு கேலரியைச் சேர்த்துத் தேதிவாரியாக ஒட்டினால், தண்ணீர் எந்த வீட்டில் முதலில் ஏறியது, எங்கே கடைசியில் வடிந்தது என்று படமே சொல்லிவிடும். எடிட்டிங்குக்கு உங்கள் வீட்டு ஒன்பதாம் வகுப்பைக் கேளுங்கள். ரீல்ஸ் போட்டுப் பழகிய கை அது.

ப்ரொஜெக்டர்தான் தடை என்றால் எங்களுக்கு ஒரு போஸ்ட்கார்டு போடுங்கள். அலுவலகத்தில் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் பழசு, கறுப்பு நிறம் சற்றுச் சாம்பலாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு வேலை இல்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் எங்கே என்றாலும் எங்கள் பையன் ஒருவர் எடுத்துவந்து மாட்டிக் கொடுப்பார். வேட்டியும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் உங்கள் பொறுப்பு. கரண்ட் போனால் நாங்கள் பொறுப்பில்லை.

அன்புடன்,
ஆசிரியர்